81ஆம் இலக்கம்

2004 டிசம்பர் கடைசியில் கல்முனை வைத்தியசாலையில் எடுக்கப்பட்ட ஒரு குழந்தையின் படம், சில நாட்களுக்குள் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்துவிட்டது. இரண்டு மாதம் நிறைந்த ஆண் பிள்ளை. சுனாமியாகக் கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, இடிபாடுகளுக்குள் கிடந்த அவனை யாரோ தூக்கிக்கொண்டு வந்து சேர்த்திருந்தார்கள். பெயர் சொல்ல ஆள் இல்லை. அன்று வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டவர்களின் வரிசையில் அவன் 81ஆவது. அதுவே அவனுக்குப் பெயராயிற்று. ஆங்கிலப் பத்திரிகைகள், தமிழ்ப் பத்திரிகைகள், தொலைக்காட்சிகள் எல்லாவற்றிலும் அவன் 81ஆம் இலக்கக் குழந்தை.

இலங்கையில் அதிக உயிர்களைக் கடல் எடுத்தது, கல்முனை இருக்கும் அம்பாறை மாவட்டத்தில்தான். ஏறக்குறைய 10,000 பேர். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று கடலை ஒட்டி வீட்டோடு வீடாக நெருங்கிக் கிடக்கும் ஊர்கள் எங்களுடையவை. அந்த நாட்களில் கைக்குழந்தையைப் பறிகொடுத்த தாய்மாருக்குக் கணக்கில்லை. அப்படியான ஊர்களின் நடுவே, உயிரோடு, உரிமையாளர் இல்லாமல் ஒரு பிள்ளை படுத்திருக்கிறது என்ற செய்தி என்ன செய்திருக்கும்? வந்தார்கள். பார்த்தார்கள். தூக்கி நெஞ்சோடு அணைத்து அழுதார்கள். ஒன்பது தம்பதிகள் அந்தப் பிள்ளைக்கு உரிமை கோரினார்கள் என்று உலகம் எழுதியது. இன்றும் அந்தப் படத்தின் கீழே அப்படித்தான் எழுதுகிறார்கள்.

முறைப்படி நீதிமன்றத்தில் உரிமை கோரியது ஒரே ஒரு தம்பதிதான். மற்றவர்கள் தேடி வந்தவர்கள். தன் பிள்ளையாக இருந்துவிடக் கூடாதா என்று பார்க்க வந்த ஒரு தாயை, உரிமை கோரி வந்தவள் என்று எழுதிவிடுவது பெரிய பிழை. இந்த அத்தியாயத்தை நான் எழுத உட்கார்ந்ததற்கு அந்தப் பிழையும் ஒரு காரணம்.

அந்தப் படத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். முகம் தெளிவாக இருக்கிறது, கண், மூக்கு, தலைமுடி எல்லாம் தெரிகிறது. ஆனால் அந்தப் பிள்ளை யாருடையது என்பதைப் படத்திலிருந்து எடுக்க முடியாது. வழக்கமாக அதைச் சொல்வது படத்துக்குப் பக்கத்தில் நிற்கும் மனிதர். “இது என்ட மகன்” என்று ஒருவர் சொல்கிறார், அதை ஆமோதிக்கப் பக்கத்து வீட்டார் இருக்கிறார்கள், பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது, பிள்ளை பிறந்த வீட்டில் எடுத்த நாலு படங்கள் இருக்கின்றன. அந்தத் தாய் தகப்பனுக்கு வீட்டோடு அவையெல்லாம் போயிருந்தன. எஞ்சியது அவர்களுடைய வாய்ச்சொல் மட்டும். கல்முனை நீதிமன்றம் மரபணுப் பரிசோதனைக்கு உத்தரவிட்டது.

இங்கே கல்முனையை விட்டு இருபது வருடம் பின்னுக்குப் போக வேண்டும். ஏனென்றால் மரபணுப் பரிசோதனையும் ஒரு படத்திலிருந்துதான் பிறந்தது.

1984 செப்டம்பர் 10, திங்கட்கிழமை காலை. இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் என்ற மரபியலாளர் இருட்டறையில் ஒரு எக்ஸ்ரே படத்தாளைக் கழுவி வெளியே எடுத்தார். கதிரியக்கம் ஏற்றிய டி.என்.ஏ துணுக்குகள் அந்தத் தாளில் தாமாகவே பதித்த படம் அது. கமரா இல்லை, வில்லை இல்லை. தாளில் தெரிந்ததெல்லாம் மங்கலான கறுப்புக் கோடுகள். கடையில் சாமான்களின் மேல் ஒட்டியிருக்கும் பட்டைக் குறியீட்டைத் தண்ணீரில் ஊறவைத்தால் எப்படி இருக்கும், ஏறக்குறைய அப்படி. அந்தக் கோடுகளில் மூன்று வரிசைகள் ஒரே குடும்பத்துக்கு உரியவை. ஆய்வுகூடத்தில் வேலை செய்த ஒருவர், அவருடைய தாய், அவருடைய தந்தை. பிள்ளையின் வரிசையில் இருந்த கோடுகளில் ஒரு பகுதி தாயின் வரிசையில் இருந்தது, மிச்சம் தந்தையின் வரிசையில் இருந்தது. மூவரில் எவருடைய வரிசையும் மற்றவருடையதைப் போல இல்லை. ஒருவரை மற்ற எல்லாரிடமிருந்தும் பிரித்துக் காட்டுகிற, அதே சமயம் பெற்றோரோடு சேர்த்துக் காட்டுகிற ஒரு படம்! வரலாற்றில் எடுக்கப்பட்ட படங்களில் என்னை அதிகம் வியக்க வைப்பது எதுவென்று கேட்டால், முகமே இல்லாத இந்தக் குடும்பப் படத்தைத்தான் சொல்வேன்.

அதை முதன்முதலாகப் பயன்படுத்தியது கொலைகாரனைப் பிடிக்க என்று பலர் நினைக்கிறார்கள். அது பிறகு நடந்தது. 1985இல் முதலில் தீர்க்கப்பட்டது ஒரு தாயின் வழக்கு. கானாவிலிருந்து இங்கிலாந்துக்குத் திரும்பி வந்த ஒரு சிறுவனை, இவன் அந்தத் தாயின் மகன் அல்ல, அவளுடைய சகோதரியின் மகனாக இருக்கலாம் என்று சொல்லிக் குடிவரவு அதிகாரிகள் உள்ளே விட மறுத்தார்கள். தகப்பனைப் பரிசோதிக்க வழியில்லை. ஜெஃப்ரீஸ் அந்தத் தாயின் மற்ற மூன்று பிள்ளைகளின் டி.என்.ஏவை எடுத்தார். அவர்களிடம் இருந்த, ஆனால் தாயிடம் இல்லாத கோடுகள் தகப்பனிடமிருந்துதானே வந்திருக்க வேண்டும்? அப்படி, இல்லாத தகப்பனின் கோடுகளைப் பிள்ளைகளிடமிருந்தே திரட்டிச் சிறுவனுடையதோடு ஒப்பிட்டார். சிறுவன் அவளுடைய மகன்தான். சகோதரி மகன் என்றாலும் முகச்சாயல் இருக்கும், ஆகவே முகத்தை வைத்து அந்த வழக்கை ஒருக்காலும் தீர்த்திருக்க முடியாது.

20 வருடத்துக்குப் பிறகு கல்முனைப் பிள்ளைக்குச் செய்த பரிசோதனை, அந்தப் பழைய முறையின் செம்மைப்பட்ட வடிவம். எக்ஸ்ரே தாளில் கோடு பார்ப்பது போய், எண்ணிப் பார்க்கும் முறை வந்துவிட்டது. அதை விளங்கிக்கொள்ள மருதமுனைத் தறியே போதும். சாரனின் கரையில் ஒரே சிறு பூவை நெசவாளர் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு போகிறார் என்று வையுங்கள். ஒரு சாரனில் 14 பூ, இன்னொன்றில் 17 பூ. நம்முடைய டி.என்.ஏவிலும் சில இடங்களில் நான்கு எழுத்துள்ள ஒரு துண்டு அப்படித் திரும்பத் திரும்ப வரும். எத்தனை தடவை வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒவ்வொரு இடத்திலும் நமக்கு இரண்டு பிரதிகள், ஒன்று உம்மாவிடமிருந்து, ஒன்று வாப்பாவிடமிருந்து. தாயிடம் 14உம் 17உம், தகப்பனிடம் 15உம் 18உம் இருந்தால், பிள்ளையிடம் தாயின் ஒரு எண்ணும் தகப்பனின் ஒரு எண்ணும் இருக்க வேண்டும். 17உம் 15உம் இருக்கலாம். 14உம் 17உம் மட்டும் இருந்தால், அந்த மனிதர் தகப்பனாக இருப்பது மிக அரிது.

ஒரு இடத்தில் எண் பொருந்துவது பெரிய விஷயமில்லை. தெருவில் போகும் ஐந்து பேரில் ஒருவருக்குத் தற்செயலாகவே பொருந்தலாம். ஆனால் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பத்து இடங்களில் பொருந்த வேண்டுமென்றால், ஐந்தைப் பத்துத் தடவை பெருக்க வேண்டும். ஏறக்குறைய 98 இலட்சத்தில் ஒருவர். பதினைந்து இடம் என்றால் 3,000 கோடிக்கும் மேற்பட்டவர்களில் ஒருவர். இந்தப் பூமியில் அத்தனை பேர் இல்லை. சுரண்டி எடுத்த கன்னத்து உட்தோலோ ஒரு துளி இரத்தமோ இதற்குப் போதும். குறித்த துண்டை மட்டும் ஆய்வுகூடத்தில் பிரதி எடுக்கிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பு, முப்பது சுற்றில் ஒரு துண்டு 107 கோடியாகப் பெருகிவிடும்.

கொழும்பில் பரிசோதனை நடந்தது. 2005 பெப்ரவரி 14ஆம் திகதி கல்முனையில் நீதிமன்றம் முடிவை அறிவித்தது. உரிமை கோரிய அந்தத் தம்பதியின் பிள்ளைதான். இரண்டு நாள் கழித்துப் பிள்ளை அவர்கள் கையில் கொடுக்கப்பட்டது. ஏழு வாரத்துக்கு மேல் அவன் ஒரு இலக்கமாக இருந்தான். பெற்றோர் வைத்த பெயர் அதற்கு முன்பே அவனுக்கு இருந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். பரிசோதனை அவனுடைய உறவைத் திருப்பிக் கொடுத்தது. பெயரைத் திருப்பிக் கொடுத்தது அந்தத் தாயும் தகப்பனும்தான். எந்த ஆய்வுகூடத்தின் எண்களுக்குள்ளும் ஒரு பிள்ளையின் பெயர் எழுதியிருக்காது. பிற்பாடு அவன் பாடசாலைக்குப் போன காலத்திலும் மற்றப் பிள்ளைகள் அவனைச் சுனாமிக் குழந்தை என்று கூப்பிட்டார்கள். அவனுடைய பெயரை நான் இங்கே எழுதாமல் விடுவதற்குக் காரணம், அந்தப் பெயராவது அவனுக்கென்று இருக்கட்டும் என்பதுதான்.

கடல் வந்த அந்த நாளில் எடுத்த வேறொரு படம் இருக்கிறது. அதை எடுத்தது மனிதர் அல்ல, பூமியிலிருந்து 450 கிலோமீட்டர் உயரத்தில் போய்க்கொண்டிருந்த குவிக்பேர்ட் என்ற செய்மதி. இடம், மேற்குக் கரையில் களுத்துறை. கடல் தன் வழமையான கரையை விட்டு நூற்றுக்கணக்கான மீட்டர் உள்வாங்கிக் கிடக்கிறது, கடலடித் தரை மண்ணிறமாகத் தெரிகிறது, ஊருக்குள் புகுந்த தண்ணீர் சுழித்துச் சுழித்துத் திரும்புகிறது. சுனாமி நடந்துகொண்டிருக்கும்போதே மேலிருந்து இவ்வளவு துல்லியமாக எடுக்கப்பட்ட படம் அதற்கு முன் உலகத்தில் இருக்கவில்லை.

அந்தப் படத்தோடு வெளியான குறிப்பு, நேரம் காலை 10.20 என்றும், நிலநடுக்கம் 6.28க்கு நடந்தது என்றும் சொல்கிறது. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் கணக்கு அரை மணித்தியாலம் இடிக்கும். காரணம் எளிது. இன்று இலங்கையின் நேரமும் இந்தியாவின் நேரமும் ஒன்று. 2004இல் அப்படியில்லை. 1996இலிருந்து 2006 ஏப்ரல் வரை இலங்கையின் கடிகாரம் இந்தியக் கடிகாரத்தை விட அரை மணித்தியாலம் முன்னால் ஓடியது. சுமாத்திராவின் அருகே பூமி உடைந்தபோது கல்முனையில் சுவர்க்கடிகாரம் காட்டியது 6.58. செய்மதி களுத்துறையைக் கடந்தபோது களுத்துறைக் கடிகாரங்களில் 10.50. செய்மதியின் கடிகாரத்தில் பிழை இல்லை. கீழே இருந்தவர்களின் நேரத்துக்கு அதை மாற்றி எழுதியதில்தான் பிழை. அலை எத்தனை மணிக்கு வந்தது என்று இன்றைக்கும் எங்கள் வீடுகளில் நடக்கும் வாக்குவாதங்கள் பலவற்றுக்கு இந்த அரை மணித்தியாலம்தான் வேர்.

இந்தப் படம் வேறொரு குழப்பத்தையும் உண்டாக்கிவிட்டது, அது ஆபத்தான குழப்பம். உள்வாங்கிய கடலின் படம் எல்லாப் பாடப்புத்தகத்துக்கும் போனதால், சுனாமி என்றால் முதலில் கடல் உள்வாங்கும், அதைக் கண்டதும் ஓட வேண்டும் என்று பிள்ளைகள் படிக்கிறார்கள். கண்டால் ஓடத்தான் வேண்டும். ஆனால் களுத்துறைப் படம், வந்த தண்ணீர் திரும்பிப் போகும்போது எடுத்தது. சுமாத்திராவுக்கு மேற்கே கடலடித்தட்டு உடைந்தபோது, பிளவின் மேற்குப் பக்கம் மேலெழுந்தது, கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. ஆகவே கிழக்கே தாய்லாந்தின் கரையில் கடல் முதலில் உள்வாங்கியது. மேற்கே எங்கள் பக்கம் முதலில் வந்து சேர்ந்தது ஏற்றம். எங்கள் கரையில் கடல் முன்கூட்டி உள்வாங்கிக் காட்டவில்லை. நிலமும் ஆட்டி எழுப்பவில்லை. போயா விடுமுறை நாள் காலையில், கரைவலை இழுத்தவர்களுக்கும் கடற்கரையில் விளையாடிய பிள்ளைகளுக்கும் கிடைத்த எச்சரிக்கை, “கடல் வருகுது, ஓடுங்க புள்ளயள்” என்று ஓடிவந்தவர்களின் சத்தம் மட்டும். கிழக்குக் கரைப் பாடசாலைகளில் இதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன்.

அந்த அலையின் வேகத்தை ஒரு பிள்ளையும் கணக்குப் பார்க்கலாம். கடலின் ஆழத்தை மீட்டரில் எடுத்துப் பத்தால் பெருக்கி வர்க்கமூலம் கண்டால், செக்கனுக்கு எத்தனை மீட்டர் என்று வரும். 4,000 மீட்டர் ஆழத்தில் செக்கனுக்கு 200 மீட்டர், அதாவது மணித்தியாலத்துக்கு 720 கிலோமீட்டர். 10 மீட்டர் ஆழத்துக்கு வந்ததும் அது 36 கிலோமீட்டராகக் குறைந்துவிடும். முன்னால் போவது வேகம் குறைய, பின்னால் வருவது வந்து நெருக்க, அலை உயரும். நடுக்கடலில் அந்த அலையின் மேலாகப் போன ஜேசன்-1 செய்மதி அளந்த உயரம் வெறும் 60 சென்டிமீட்டர் அளவு. அதே அலை எங்கள் கரையில் வீட்டுக் கூரையைத் தொட்டது. பூமி உடைந்து அலை வந்து சேர ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் இருந்தது. இரண்டு மணித்தியாலம் என்பது கல்முனை முழுவதையும் மேற்கே வயல்வெளிப் பக்கம் நடத்திக் கூட்டிப்போகப் போதுமான நேரம். இந்த ஒரு கணக்கை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

களுத்துறையைப் பற்றிச் சொல்லும்போது ஒரு சின்னச் செய்தி. செய்மதிக்கு 130 வருடம் முந்தி, அதே ஊரில் கமராவோடு ஒரு பெண் வாழ்ந்தார். 19ஆம் நூற்றாண்டின் பெரிய புகைப்படக்காரர்களில் ஒருவரான ஜூலியா மார்கரெட் கமரோன். 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே இறந்தார். கண்ணாடித் தகட்டில் இரசாயனக் கரைசலைப் பூசி, அது காய்வதற்குள் படமெடுத்து, காய்வதற்குள்ளேயே கழுவ வேண்டிய காலம் அது. எங்கள் வெக்கையில் அதற்கு எவ்வளவு அவசரம் வேண்டியிருந்திருக்கும்! இங்கிலாந்தில் அவர் எடுத்த கவிஞர்கள், விஞ்ஞானிகள் எல்லாருக்கும் பெயர் உண்டு. களுத்துறையில் எடுத்த ஒரு படத்தின் தலைப்போ, களுத்துறைக் குடியானவர் கூட்டம் என்பது மட்டும். கண்ணுக்கு நேரே பார்க்கும் அந்த மனிதர்களின் பெயர்களை அறிந்தவர்கள் அன்று பக்கத்திலேயே இருந்திருப்பார்கள். யாரும் கேட்டு எழுதிவைக்கவில்லை.

எங்கள் வீட்டில் படங்கள் ஒரு தகர றங்குப்பெட்டிக்குள் இருந்தன. நிக்காஹ் பதிவுத் தாள், காணி உறுதி, ஒரு அல்பம். கடல் வந்து மூன்றாம் நாள் அந்தப் பெட்டி நாலு வளவு தள்ளி, ஒரு வேலிக்கடியில் கிடைத்தது. உம்மா திறந்தார். அல்பம் ஊறிப் பருத்து, பக்கத்தோடு பக்கம் ஒட்டிக் கிடந்தது. நாங்கள் செய்யக்கூடாத எல்லாவற்றையும் செய்தோம். வெயிலில் காயவைத்தோம். காய்ந்தபின் பிரித்தோம். ஒரு படத்தின் முகம் அடுத்த படத்தின் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்தது.

ஏன் அப்படி நடந்தது என்பதைப் பல வருடம் கழித்துத்தான் படித்தேன். வண்ணப்படத்தின் நிறங்கள் ஒட்டியிருப்பது தாளில் அல்ல, தாளின் மேல் பூசிய மெல்லிய ஜெலட்டினில். இனிப்புப் பக்கெட்டைத் திருப்பி ஜெலட்டின் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குகிற ஊர் எங்களுடையது, ஆகவே அது எதிலிருந்து வருகிறது என்று சொல்லத் தேவையில்லை. எலும்பிலும் தோலிலும் இருந்து வருவது. தண்ணீர் பட்டால் பல மடங்கு ஊதும், சூட்டில் பசையாகும், பற்றீரியாவுக்கு நல்ல தீனி. அந்த ஜெலட்டினில் மூன்று நிறப் படைகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன. மேலே பச்சை கலந்த நீலம், நடுவில் இளஞ்சிவப்பு, அடியில் மஞ்சள். அரிப்பு மேலிருந்து தொடங்குகிறது. நீலப்படை போனதும் மிஞ்சிய இரண்டும் சேர்ந்து செம்மஞ்சளாகத் தெரியும். அடுத்தது போனால் தனி மஞ்சள். அதுவும் போனால் வெள்ளைத் தாள். சுனாமிப் படங்களின் ஓரமெல்லாம் நெருப்புப் பற்றியது போல இருப்பதற்குக் காரணம் இதுதான். அவை எரியவில்லை, படை படையாகக் கரைந்திருக்கின்றன.

நனைந்த படங்களைக் காயவிடாமல் சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் போட்டு, ஊறிய நிலையிலேயே ஒவ்வொன்றாகப் பிரித்து, முகம் மேலே இருக்க நிழலில் உலர்த்த வேண்டும். எங்கள் வெக்கையில் இரண்டு நாளுக்குள் செய்துவிட வேண்டும். உடனே முடியாவிட்டால் பொலித்தீன் பையில் போட்டு உறையவைக்கலாம். 2011 மார்ச்சில் யப்பானில் கடல் வந்தபோது, யாமமோட்டோ என்ற கரையோர ஊரில் மட்டும் ஏறக்குறைய 7,50,000 படங்கள் மீட்கப்பட்டன. தன்னார்வலர்கள் ஒவ்வொன்றாகக் கழுவி, கணினியில் ஏற்றி, ஊரவர் வந்து தம்முடைய முகங்களைத் தேடிக்கொள்ளும்படி வைத்தார்கள். வீடில்லாமல் முகாமில் இருந்தவர்கள் முதலில் தேடியவற்றில் படமும் ஒன்று. அதில் எங்கள் ஊரார் வியப்பதற்கு எதுவும் இல்லை.

எங்கள் அல்பத்தில் தேறியது பதினொரு படங்கள். அதில் ஒன்று ராத்தாவின் கல்யாணத்தன்று வீட்டு முற்றத்தில் எடுத்தது. ஏழு பேர் நிற்கிறார்கள், ஆறு பேருக்கு முகம் இருக்கிறது. இடமிருந்து மூன்றாவது ஆளின் தலையும் தோளும் இருந்த இடம் வெள்ளை, அதைச் சுற்றி மஞ்சள், அதைச் சுற்றிச் செம்மஞ்சள். வெள்ளைக்குள் இருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து ராத்தாவின் முழங்கையைப் பிடித்திருக்கிறது.

போன நோன்புப் பெருநாளைக்கு ஊருக்குப் போயிருந்தபோது அந்தப் பதினொரு படங்களையும் தனித்தனி உறைகளில் வைத்தேன். பிளாஸ்டிக் பூசிய படத்தாளின் முதுகில் பென்சில் சரியாகப் பிடிக்காது, ஆகவே படத்தை வைப்பதற்கு முன் உறையிலேயே எழுதிவிடுவது நல்லது. உம்மா பாயில் இருந்து ஒவ்வொரு ஆளாகச் சொல்லிக்கொண்டு வந்தார். மூன்றாவது ஆளுக்கு வந்ததும் நான் பென்சிலை நிறுத்தினேன்.

“அது உம்மாட கை மனே. வேற ஆருட கை?”

நான் “மூத்தம்மா” என்று எழுதினேன். உம்மா எட்டிப் பார்த்தார்.

“மூத்தம்மா எண்டு எழுதினா ஒண்ட புள்ளயளுக்கு ஆரெண்டு தெரியும்? பேர எழுது.”

அழித்துவிட்டுப் பெயரை எழுதினேன்.